காபியோடு விழுங்கிய தைரியம்

அழுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பல வருடங்களாக அதன்மேல் கால் வைத்தே உட்கார்ந்திருந்தவளுக்கு ‘பிரேக்கம்மா’ என்று பெயர் விழுந்துவிட்டது. ஸ்டியரிங்கைத் தொட்டதும் கண் கலங்குகிற ஆட்கள் எப்போதும் இருப்பார்கள்.

“வைப்பர் வண்டிக் கண்ணாடிக்குத்தான். கண்ணுக்கு இல்ல. தொடச்சிட்டு கியரைப் போடுங்க” என்பாள்.

மனிதர்களில் நெஞ்சுத் திடம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று இரண்டே வகை அவளுக்கு. தான் எந்த வகை என்பதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

சந்தேகம் கழுத்தில் வந்து உட்கார்ந்தது. கழுத்து லேசாக வீங்கி, முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்து, நடந்தால் மணலில் நடப்பது போலிருந்தது. டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து, தைராய்டு குறைவு என்று மாத்திரை எழுதினார். எப்படிச் சாப்பிட வேண்டும் என்று அவர் ஆரம்பித்தபோது இவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். வெறும் வயிறு, வேளை, தண்ணீர் என்று மாத்திரைக்கு மரியாதை செய்வதெல்லாம் சீக்காளிகளின் வேலை. இவள் முதல் பயிற்சிக்குப் போகும் வழியில், சிவப்பு விளக்கில் வண்டி நின்றதும், ஃப்ளாஸ்க் காபியை ஒரு மடக்கு குடித்து அதோடு மாத்திரையையும் உள்ளே தள்ளிவிடுவாள்.

வருடம் ஒன்று ஓடியது. உடம்பு தேறவில்லை. அதைவிடக் கேவலமாக, எதற்கெடுத்தாலும் தொண்டை அடைத்தது. பின்னால் வருகிறவன் ஹார்ன் அடித்தால் அடைத்தது. வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைக் காணோம் என்றால் அடைத்தது. வங்கியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி பயிற்சிக்கு வந்திருந்தாள், ஒவ்வொரு திருப்பத்திலும் கண்ணீர் விடும் ரகம். அவள் ஒருநாள் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். பிரேக்கம்மாவுக்கு நடப்பது தெரிந்தது. கால்தான் சோம்பேறித்தனமாகக் கிளம்பியது. ஓரத்துக் குப்பைத்தொட்டி கவிழ்ந்தபிறகே வண்டி நின்றது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் அழுதது மாணவி அல்ல, பிரேக்கம்மா.

“பரவால்ல மேடம், தண்ணி குடிங்க” என்று அந்த அழுமூஞ்சி இவள் முதுகைத் தடவிக்கொடுத்தது. அந்தத் தடவலை அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

செய்தி முதலாளிக்குப் போனது. தன் நரம்பெல்லாம் இரும்பு என்று தானே சொல்லிக்கொள்கிற மனிதர். அலுவலகத்தில் தனக்கென்று மட்டும் ஒரு சுழல்நாற்காலி வைத்துக்கொண்டு அதில் சும்மா சுற்றிக்கொண்டிருப்பவர்.

“அந்த வயசுல பொம்பளைங்களுக்கு அப்படித்தான்மா, எல்லாம் ஹார்மோன். நீ உள்ள உக்காந்து ஃபோனை எடு. வண்டியை என் மச்சான் பாத்துப்பான்.”

மச்சான் வாசலில் பல் குத்திக்கொண்டிருந்தார். மூன்று தொழில்களைக் கெடுத்துவிட்டு நான்காவதற்கு வந்திருந்தார்.

“உடம்பைச் சரிபண்ணிட்டு வரேன் சார். அப்பவும் என் சீட்டு கிடையாதா?”

“அப்பப் பாக்கலாம்.”

ஃபோன் மேசையில் உட்காருவது என்றால் அவளைப் பொறுத்தவரை உயிரோடு புதைப்பது. மறுநாளே டாக்டரம்மாவிடம் போனாள்.

“மாத்திரையை எப்போ போடுறீங்க?”

“காலையில. காபியோட.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “மாத்திரையை உடம்புல சேரவிடாம காபி தடுக்குது. ஒரு வருஷமா நீங்க காபிக்குத்தான் வைத்தியம் பாத்திருக்கீங்க.”

“அழுகை வருதே டாக்டர். எனக்கு அது வராது.”

“வராதுன்னு யார் சொன்னா? தைராய்டு குறைஞ்சா சின்ன அடியைக்கூட மனசு தாங்காது. காலும் மந்தமாயிடும். பயந்தா கார்டிசால்னு ஒரு ஹார்மோன் ஏறும். அது எல்லாருக்கும் ஏறும். ஆபத்து போனதும் இறங்கணும், அவ்வளவுதான். அது குணமில்லம்மா, சுரப்பி.”

இத்தனை நாள் தன் திடம் என்று நிமிர்ந்து நடந்தது, கழுத்துக்குள் கிடக்கும் ஒரு சதைத்துண்டின் தயவா? திரும்பும் வழியெல்லாம் அந்தச் சதைத்துண்டைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஆனாலும் மறுநாள் முதல் விழித்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை. காபி வெகுநேரம் கழித்துத்தான்.

சில வாரங்கள் ஃபோன் மேசையில் கழிந்தன. மெல்ல மெல்லக் கால் அவளுடையதாகத் திரும்பியது. மச்சான் அதற்குள் இரண்டு கண்ணாடிகளை உடைத்திருந்தார். மறுபடி எடுத்த ரத்தமும் சரி என்று வந்தது. டாக்டரம்மா வண்டி ஏறலாம் என்றதும் முதலாளி முன் போய் நின்றாள்.

“சீட்டைக் குடுங்க சார்.”

முதலாளிக்கு அவள் அழுவதைப் பார்க்க ஆசை. “நானே ஓட்டுறேன். நீ பக்கத்துல உக்காரு. தாங்குறியான்னு பாத்துடுவோம். டேய் மச்சான், பின்னால ஏறு, வேடிக்கை பாரு.”

பழைய பயிற்சித் தெருவில் வேகமாகத்தான் ஓட்டினார். இரும்பு நரம்பைப் பற்றிய பேச்சு கண்ணாடியில் மச்சானைப் பார்த்தபடியே நடந்தது. இடப்பக்க வாசலிலிருந்து ஒரு வேன் பின்புறமாக வெளியே வந்ததை அவர் பார்க்கவில்லை. பிரேக்கம்மா பார்த்தாள். கால் இறங்கியது. வேனுக்கும் காருக்கும் நடுவே ஒரு சாண் இடம் மிஞ்சியது.

முதலாளியின் கை ஸ்டியரிங்கில் தடதடவென்று ஆடியது. வேன்காரனைத் திட்டினார், மச்சானைத் திட்டினார், வாசல் வைத்துக் கட்டியவனைத் திட்டினார். நாக்கு வறண்டு, வசவு பாதியில் நின்றது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வேன் போய் வெகுநேரமாகியும் கை ஆட்டம் ஓயவில்லை.

அவளுக்கும் நெஞ்சு அடித்தது, பிறகு அந்தப் படபடப்பு இறங்கிவிட்டது. ஃப்ளாஸ்க்கைத் திறந்து காபியை ஊற்றிக்கொண்டாள்.

“இந்தப் பக்கம் வந்துடுங்க சார், நான் ஓட்டுறேன். கொஞ்ச நேரத்துல இறங்கிடும்.”

“எது இறங்கும்?”

“ஹார்மோன்.”

மச்சான் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்காகவே முதலாளி அன்று மாலையே அவரை ஃபோன் மேசைக்கு அனுப்பினார்.

அடுத்த வாரம் வங்கிப் பெண் மறுபடி வந்தாள். முதல் திருப்பத்திலேயே கண்ணீர். பிரேக்கம்மா வண்டியை ஓரங்கட்டச் சொல்லி எஞ்சினை அணைத்தாள். மனம் இளகிவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த மூக்குறிஞ்சலை முன்போலவே வெறுத்தாள். வைப்பர் வசனத்தை மட்டும் சொல்லவில்லை.

“அழுது முடிங்க. இறங்க நேரமெடுக்கும்,” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “காலை மட்டும் ஆக்ஸிலரேட்டர்லேருந்து எடுத்துடுங்க.”