ராகுகாலத்தில் புறப்பட்ட விமானம்

மனேஜரின் மேசையில் எப்போதும் இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று வேதாகமம், மற்றது வாக்கிய பஞ்சாங்கம். முதலாவதை அவர் நம்பினார். இரண்டாவதை எங்கள் பயணிகள் நம்பினார்கள். யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் விட்ட அந்தச் சிறிய கொம்பனியின் நேர அட்டவணையை அவர் பஞ்சாங்கத்தைப் பார்த்தே தயாரித்தார். ஒரு நாளைத் தவிர எந்த நாளும் ராகுகாலத்தில் எங்கள் விமானம் தரையை விட்டுக் கிளம்பியதில்லை. பம்பாயிலிருந்து வந்த விமானிக்கு இது கடைசிவரை விளங்கவில்லை. பெட்டி ஏற்றுகிற அண்ணைக்கு நன்றாக விளங்கியது. “வேதக்காரர் எங்கடை ஐயரிலும் வடிவா நேரம் பாக்கிறார்” என்று மனேஜருக்குக் கேட்கும்படியே சொல்லுவார். மனேஜர் சிரிப்பார்.

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் கொழும்பில் வயர்லெஸ் படித்தவள் நான். மறுகரையின் வானிலையைக் கேட்டு எழுதுவது, விமானத்தில் ஏறும் பாரத்தைக் கணக்கிடுவது, பற்றறிகளைப் பராமரிப்பது ஆகியவை என் வேலைகள். நான் சேர்ந்த புதிதில், “இவ்வளவு படிச்ச நீங்கள் ஏன் ராகுகாலம் பாக்கிறியள்?” என்று கேட்டேன். “பிள்ளை, எங்கடை சனம் முதன்முதலா ஆகாயத்திலை ஏறுது. நெஞ்சிலை இருக்கிற பாரத்தை முதல் இறக்க வேணும். மிச்சத்தை நீ தராசிலை நிறு” என்றார். வட்டுக்கோட்டை மிஷன் கல்லூரியில் படித்த காலத்துச் சட்டைக் கொலரை அப்போதும் கஞ்சி போட்டு விறைப்பாக அணிகிற மனிதர் அவர். யாருடைய நம்பிக்கையையும் அவர் கேலி செய்து நான் கேட்டதில்லை.

ஓர் ஐப்பசி வெள்ளிக்கிழமை. வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு குடும்பம் தனி விமானம் கேட்டிருந்தது. வயிற்றில் கட்டியோடு ஓர் இளம்பெண். கொழும்பில் கைவிரித்துவிட்டார்கள், சென்னையில் ஒரு வைத்தியர் வெட்டிப் பார்க்கலாம் என்றிருந்தார். வழியில் கார் பழுதாகி, அவர்கள் வந்து சேர்ந்தபோது ராகுகாலம் தொடங்கியிருந்தது. தகப்பனார் பாய்க்கப்பல் ஓட்டிய தண்டயல். மகளைத் தூக்குக் கட்டிலில் நிழலில் வைத்துவிட்டு, “முடியட்டும், எடுப்பம்” என்று சாதாரணமாகச் சொன்னார். மனேஜரும் வழக்கம்போலத் தலையசைத்தார்.

அப்போதுதான் மறுகரையிலிருந்து செய்தி வந்தது. மேகம் தாழ்ந்து வருகிறது. தாமதித்தால் சென்னையில் இறங்க முடியாது. அதன்பிறகு வானம் எப்போது திறக்கும் என்று சொல்வதற்கில்லை. மனேஜர் அதை இரண்டு தடவை வாசித்தார். வெளியே போய்த் தண்டயலின் முன்னால் நின்றார்.

“இப்பவே எடுக்க வேணும், ஐயா.”

“தோணி விடேக்கையே நேரம் பாக்கிறவன் நான். பெத்த பிள்ளையை நேரம் பாராமல் விடுறதோ?”

“மழை பஞ்சாங்கம் பாத்து வராது. நான் சொல்லுறன், ஏத்துங்கோ.”

தண்டயல் மகளைப் பார்த்தார். அவள், “அப்பு, நோகுது. போவம்” என்றாள். அவர் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினார். மறுமுனையைத் தூக்கியவர் மனேஜர்.

விமானம் பத்திரமாக இறங்கியது. சிறிது நேரத்தில் சென்னை மழையில் மூடுண்டது. அந்தச் செய்தியையும் நானே எழுதிக் கொடுத்தேன். மனேஜர் கண்களை மூடி ஜெபித்தார். ஆனால் அந்தப் பெண் சத்திரசிகிச்சை மேசையிலேயே இறந்துபோனாள். கட்டி முற்றியிருந்தது, முன்பே வந்திருக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னாராம்.

தண்டயல் கப்பலில் திரும்பி வந்தார். ஒருநாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஏசுவார் என்று பயந்தோம். அவர் ஏசவில்லை. “உங்களிலை பிழையில்லை, மனேஜர். நேரம் தெரிஞ்ச நான்தான் தூக்கி ஏத்தினனான்” என்றார். மனேஜர் எழுந்து நின்றபடியே இருந்தார். ஏசியிருந்தால் அவர் தாங்கியிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

கதை குடாநாடெங்கும் பரவியது. ராகுகாலத்தில் பறந்த விமானத்தில் யார் ஏறுவார்கள்? ஆசனங்கள் வெறுமையாகப் போய்வந்தன. கொம்பனி விமானங்களை விற்றுவிட்டு மூடியது.

போன மாதம், கொழும்பில் எனக்கு வேலை கிடைத்ததைச் சொல்ல, கொக்குவில் ஸ்டேசனுக்குப் பக்கத்திலுள்ள மனேஜருடைய வீட்டுக்குப் போனேன். மெலிந்திருந்தார். நான் அன்று மறுகரையிலிருந்து வந்த செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன்: மேகம் உண்மை, மழை உண்மை, காத்திருந்திருந்தால் அவள் சென்னைக்கே போயிருக்க மாட்டாள். “ஓம், ஓம்” என்று கேட்டுக்கொண்டிருந்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று நான் எழுந்தேன். அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவருடைய கை என் குடையைப் பிடித்துக்கொண்டது.

“கொஞ்சம் இருந்திட்டுப் போ, பிள்ளை. இப்ப ராகுகாலம்.”

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். இம்முறை வேறு யாருடைய நெஞ்சுப் பாரத்தை இறக்கவும் அவர் அதைச் சொல்லவில்லை.

உட்கார்ந்தேன். ரயில் கூவிக்கொண்டு வந்து, நின்று, புறப்பட்டுப் போன சத்தத்தை நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.