அக்காவின் நெஞ்சில் முப்பத்தைந்து வருடக் காவல்

ஃபிரிட்ஜில் இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் பேனா போல ஓர் ஊசி இருந்தது. அக்கா அதை எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு, குளிர் போகட்டும் என்று காத்திருந்தாள். மடியில் கிடந்த அவளுடைய கைகளைப் பார்க்காமலிருக்க நான் முயன்றேன். கணுக்கள் வீங்கி, விரல்கள் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன. விழுப்புரத்தில் குடியிருந்து, காணைப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஸ்கூட்டரில் போய்வரும் செவிலியர் அவள். எத்தனையோ குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்ட அந்தக் கைகளுக்கு, முடக்குவாதம் வந்த பிறகு, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்கவும் பலமில்லை. அன்று அவளுக்கு அந்த முதல் ஊசியை நான்தான் அழுத்திப் போட்டேன்.

மூன்றாவது ஊசி போட்ட வாரம், நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. “தம்பி, இன்னிக்கு நானே தலை பின்னிக்கினேன்டா!” என்றாள். அந்தக் குரலில் ஒரு சிறுமி இருந்தாள்.

திண்டிவனத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் சொல்லித்தருகிறவன் நான். ‘செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல வெளியிடும் சிறு புரதங்கள் சைட்டோகைன்கள்’ என்பது என் மாணவர்களுக்கு இரண்டு மதிப்பெண் விடை. மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். அந்தச் சேதிகளில் ஒன்றுதான் டி.என்.எஃப். உடம்புக்குள் கிருமி நுழைந்தால், ‘இங்கே வாருங்கள்’ என்று வெள்ளணுக்களைக் கூப்பிடுவது அது. அக்காவின் மூட்டுகளில் எந்தக் கிருமியும் இல்லை. ஆனாலும் கூப்பாடு மட்டும் ஓயவில்லை. வந்து குவிந்த அணுக்கள் அவளுடைய மூட்டுகளையே அரித்துக்கொண்டிருந்தன. அந்தக் கூப்பாட்டை அடக்கத்தான் ஊசி.

ஐந்து மாதம் நன்றாகப் போனது. பிறகு மாலையானால் லேசான காய்ச்சல், வறட்டு இருமல். ரவிக்கைகள் தொளதொளத்தன. ஒரு நாள் மதிய இடைவேளையில் கூப்பிட்டாள்.

“தம்பி, எனக்கு டிபி வந்திருக்கும்னு தோணுதுடா.”

“சும்மா இரு அக்கா. ஊசிக்கு முன்னாடியே எல்லா டெஸ்டும் பார்த்தாங்களே.”

“பார்த்தாங்க. ஆனா ஊர் ஊரா போய் டிபி டெஸ்டுக்கு சளி டப்பா குடுத்துக்கினு வர்றவ நான். இந்த இருமல எனக்குத் தெரியாதா? நாளைக்குப் போட வேண்டிய ஊசிய நான் போடப் போறதில்ல.”

அவள் சொன்னதுதான் சரி. சளியில் கிருமி தெரியவில்லை. ஆனால் புதுச்சேரியில் எடுத்த ஸ்கேனில் நெஞ்சுக்குள் நெறிகட்டிகள் தெரிந்தன. அவற்றில் ஒன்றிலிருந்து துளி எடுத்துச் சோதித்தபோது காசநோய் உறுதியானது. மூட்டுவலிக்காக அவள் ஏற்கெனவே விழுங்கிவந்த ஸ்டீராய்டு மாத்திரைகள் உடம்பின் எதிர்வினையை மட்டுப்படுத்தியிருந்ததால்தான், முதலில் தோலில் செய்த சோதனை ஒன்றையும் காட்டவில்லையாம்.

“இது புதுசா தொத்துன மாதிரி தெரியலீங்க. சின்ன வயசுல உள்ள போயிருக்கும். வீட்ல யாருக்காவது இருந்துதா?” என்று கேட்டார் புதுச்சேரி டாக்டரம்மா.

“அப்பாவுக்கு இருந்துச்சு” என்றாள் அக்கா. கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்த எங்கள் அப்பா, எனக்கு ஐந்து வயதானபோது இருமி இருமிப் படுத்தார். அம்மா வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும். பதினொரு வயது அக்கா பள்ளிக்கூடத்தை விட்டு நின்று, அந்த ஒற்றை அறையில் அவருக்குக் கஞ்சி கொடுத்தாள், வாய் துடைத்தாள், கடைசிவரை கூட இருந்தாள். என்னை வல்லத்தில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆண்பிள்ளை என்பதால் அம்மா என்னை மட்டும் காப்பாற்றிக்கொண்டாள் என்று, விவரம் தெரிந்த நாளிலிருந்து எனக்குள் ஒரு குறுகுறுப்பு.

டாக்டரம்மா ஒரு தாளில் நடுவே புள்ளி வைத்து, அதைச் சுற்றி வட்டம் வட்டமாக வரைந்தார். புள்ளி கிருமி, வட்டங்கள் அதை வளைத்து நிற்கும் அணுக்கள். “ஒரு வாட்டி கட்டிட்டா நிக்கிற சுவர் இல்லீங்க இது. டி.என்.எஃப் வந்துட்டே இருக்கணும். ஊசி அத நிறுத்துச்சு, இதுவும் கலைஞ்சிடுச்சு” என்றார்.

நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா திரும்பவும் பள்ளிக்கூடம் சேர்ந்து படித்தாள். செவிலியர் ஆனாள், கல்யாணம் ஆயிற்று, இரண்டு பிள்ளைகள் பெற்றாள், வெள்ளத்தில் முழங்காலளவு தண்ணீரில் மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்து நடந்தாள். அத்தனை வருடமும் அவள் நெஞ்சுக்குள் ஒரு மூலையில் காவல் நடந்துகொண்டிருந்திருக்கிறது. ஓர் அணு செத்தால் இன்னோர் அணு வந்து அந்த இடத்தில் நின்றிருக்கிறது. உத்தரவு போட அங்கே யாரும் இல்லை. ஒன்று சொல்ல இன்னொன்று கேட்டது, அவ்வளவுதான். அவளுடைய விரல்களைக் கோணலாக்கிய அதே சேதிதான் அவளை முப்பத்தைந்து வருடம் உயிரோடு வைத்திருந்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

ஊசி நின்றது, காசநோய் மாத்திரைகள் தொடங்கின. ஒரு மாதத்தில் பசியெடுத்துச் சாப்பிட்டாள். இரண்டாம் மாதம் திடீரென்று காய்ச்சல் நூற்று மூன்றுக்கு ஏறியது. கழுத்தில் எலுமிச்சை அளவு நெறி கட்டியது. அவளைப் புதுச்சேரியில் சேர்த்துவிட்டு, மருந்து கேட்கவில்லை, முடிந்தது என்றே நினைத்தேன். முதல் ஊசியை அழுத்திய என் கட்டைவிரலை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“மருந்து தோக்கலைங்க” என்றார் டாக்டரம்மா. “ஊசியோட வேகம் தீர்ந்துபோச்சு. இத்தன நாள் அடங்கியிருந்த செல்லுங்க எல்லாம் இப்ப ஒரேயடியா எழுந்து வருது. இந்தக் காய்ச்சல் கிருமி குடுக்கறது இல்ல, அவங்க உடம்பே குடுக்கறது.”

கூப்பிடும் சேதிகளைப் போலவே ‘போதும்’ என்று அமர்த்தும் சேதிகளும் உடம்பில் உண்டு. அவை மெதுவாகத்தான் வந்து சேர்ந்தன. அதுவரை தாங்க அளவாக ஸ்டீராய்டு கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் காலையில் நெற்றியைத் தொட்டேன், வியர்த்துக் குளிர்ந்திருந்தது. “பசிக்குதுடா” என்றாள்.

மாத்திரைகளை ஒரு நாள்கூட விடாமல் தின்று முடித்தாள். இப்போது மூட்டுக்கு வேறு மருந்து. பழைய ஊசி அளவுக்குக் கேட்கவில்லை. “பரவால்ல, இவ்ளோ போதும்” என்கிறாள்.

போன மாதம் இருவரும் பனமலை மலைக்கோயிலுக்குப் போனோம். படியேற அவளால் முடியாது என்பதால் ஏரிக்கரையிலேயே உட்கார்ந்தோம். பல வருடம் சொல்லாமல் வைத்திருந்ததை அங்கே சொன்னேன். “அம்மா என்னை மட்டும் வல்லத்துக்கு அனுப்பிடுச்சு. நீ மாட்டிக்கினே.”

அக்கா சிரித்தாள். “அம்மாவா? உன்ன அனுப்ப மாட்டேன்னு அது அழுதுக்கினு கெடந்துச்சு. நீ எந்நேரமும் அப்பா மார்மேலயே ஏறிக்கினு இருப்ப. நான்தான் உன்னக் கூட்டிக்கினு போயி பஸ்ஸு ஏத்தி, பெரியம்மா கையில குடுத்துட்டு வந்தேன்.”

“அப்போ நீயும் அங்கேயே இருந்திருக்கலாமே, அக்கா?”

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். “ரெண்டு பேரும் போயிட்டா அப்பாவுக்கு யார்டா கஞ்சி குடுக்கறது?”