கயிறு பிடித்த கையில் ஒரு தழும்பு

முதல் பொதுத்தேர்தல் வந்த சமயம். திருவொற்றியூர்க் கடற்கரையில் எங்கள் குப்பம். பின்வரிசைக் குடிசைகளின் வாசலில் வேப்பிலை தொங்கியது. பெரியம்மை. என் மகளுக்கு அப்போதுதான் பல் முளைத்திருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மை குத்துகிறவர்கள் வந்தால் எங்கள் ஜனம் பிள்ளைகளைக் கட்டுமரத்துக்குப் பின்னால் ஒளித்துவிடும். குத்தினால் ஆத்தாளுக்குக் கோபம் வரும் என்று பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதை வைத்து ஓட்டுப் பொறுக்க வந்தவரைத்தான் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

ஓட்டுக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். முதலில் வந்தவர் காரை விட்டு இறங்கவே இல்லை. கருவாட்டு நாற்றத்துக்குக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எல்லோரும் அம்மை குத்திக்கொள்ளுங்கள், இங்கேயே ஓர் ஆஸ்பத்திரி கொண்டுவருகிறேன் என்றார்.

"எங்க நாத்தமே தாங்காதவன் எங்களுக்கு இன்னாத்த கிழிப்பான்?" என்று ஊரே சிரித்தது. எனக்கும் எரிச்சல்தான். ஆனால் ஆஸ்பத்திரி என்ற சொல் மட்டும் காதிலேயே நின்றது.

இரண்டாமவர் பலே ஆள். பெரிய வலையைக் கரைக்கு இழுக்கிற நேரம் பார்த்து வந்து, ஜிப்பாவைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். எங்கள் கரையில் கயிறு பிடித்தவர் யாரானாலும் மீனில் பங்கு உண்டு. ஜனம் பூரித்துப் போயிற்று. "நான் ஜெயிச்சா அம்மை குத்துறவன் எவனும் உங்க குப்பத்துல கால் வைக்க மாட்டான்" என்று அவர் சொன்னதும் ஒரே கைத்தட்டல்.

அவர் பங்கு மீனைக் கூடையில் கொண்டுபோனேன். கை நீட்டினார். இடது தோளுக்குக் கீழே வட்டவட்டமாக அம்மை குத்திய தழும்பு! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"இன்னா நைனா, உன் கையில குத்திகீதே?"

"அது சின்ன வயசுல வீட்ல குத்திட்டாங்கம்மா."

"உன் புள்ளிங்களுக்கு?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்தார். பஞ்சாயத்துப் பெரியவர் குறுக்கே வந்து, "வந்த மனுசனாண்ட இன்னா பேச்சு? போம்மே வூட்டுக்கு" என்று என்னை விரட்டினார். நல்ல சங்கரா மீனாகப் பார்த்துப் போட்ட கூடை அவர் காரில் ஏறிப் போயிற்று.

மறுநாள் அம்மை குத்த மகளைத் தூக்கிக்கொண்டு ராயபுரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். எதிர் வீட்டு அக்காவிடம், உன் பிள்ளையையும் எடுத்துக்கொண்டு வா என்று கெஞ்சினேன். "அவ்ளோ பெரிய மனுசனே வேணாம்னு சொல்ட்டாரு. நீ இன்னா பெரிய டாக்டரா?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். நான் மட்டும் போய் மகளுக்குக் குத்திக்கொண்டு வந்தேன்.

அப்போதெல்லாம் ஓட்டுச்சாவடியில், தேர்தலில் நிற்கிற ஆளுக்கொரு பெட்டி வைத்திருப்பார்கள். பஞ்சாயத்து சொன்ன பெட்டியை விட்டுவிட்டு, கைக்குட்டைக்காரரின் பெட்டியில் சீட்டைப் போட்டேன். ஜெயித்தது என்னவோ கயிறு பிடித்தவர்தான். அம்மை குத்த யாரும் வரவில்லை. கொடுத்த வாக்கில் அந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றினார். கோடை வெயில் ஏறியதும் எதிர் வீட்டுப் பிள்ளைக்கு அம்மை கண்டது. உயிர் பிழைத்தான். இரண்டு கண்ணும் போயிற்று.

இன்றும் அவன் எங்கள் கரையில் தடவித் தடவித்தான் வலைக்கயிற்றைப் பிடிக்கிறான். ஓட்டுக் கேட்டு யார் வந்து எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும், தன் பிள்ளைக்கு எதைச் செய்துவிட்டு எங்கள் பிள்ளைக்கு எதைச் சொல்கிறார் என்று மட்டும்தான் நான் பார்க்கிறேன்.