கண்ணாடியின் எந்தப் பக்கம் ஈரம்

எங்கள் வீட்டு நிலவறைக்கு வியர்க்கத் தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. அறுபதுகளின் கடைசி. கானாடுகாத்தானுக்குப் பக்கத்துக் கிராமம். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. கிழக்குப் பாதி எங்களுக்கு, மேற்குப் பாதி பெரியப்பச்சிக்கு. அப்பச்சி என்றால் எங்களில் அப்பா, ஆத்தா என்றால் அம்மா; பெரியப்பச்சி அப்பாவின் அண்ணன், பெரியாத்தா அவர் மனைவி. இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு கதவு. அதுவரை அது சாத்தி நான் பார்த்ததில்லை.

நிலவறை எங்கள் பாதியின் அடியில் இருந்தது. பதினோரு படி. புளிப்பானை, உப்பு ஜாடி போக, மிச்ச இடமெல்லாம் ஆத்தாவின் கல்யாணச் சீர். அண்டாக்கள், எனாமல் கூஜாக்கள், பட்டுச் சேலைப் பெட்டி, வெல்வெட் உறை போட்ட இலவம்பஞ்சுத் தலையணைகள் இரண்டு டஜன். எதுவும் உபயோகிக்கக் கொடுத்ததல்ல, வைத்திருக்கக் கொடுத்தது. அந்தத் தலையணையில் தலை வைத்தவர் எவரும் இல்லை.

தினமும் புளி எடுத்து வருவது என் வேலை. சுவரின் உச்சியில், தெருவின் தரைமட்டத்தில், சாண் அகலத்துக்கு இரண்டு காற்றுத் துவாரங்கள் உண்டு. "அது வழியாத்தான் சாரைப்பாம்பு வந்து போகுது. பயமா இருந்தாச் சொல்லு, நான் போய் எடுத்துட்டு வாறேன்" என்றான் அண்ணன். எனக்கென்ன பயம் என்று சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையின் சங்கடங்களில் பாதி இப்படி உடனே பதில் சொன்னதால் வந்தவை.

மறுநாள் ஒரு வெல்வெட் தலையணையை அரிவாள்மணையில் கிழித்து, பஞ்சை எடுத்து, பெட்டிமேல் ஏறி இரண்டு துவாரங்களையும் அடைத்தேன். வெற்று உறையை மற்றத் தலையணைகளுக்கு அடியில் செருகினேன். நிலவறை இருண்டுபோனது. இனிமேல் பாம்பு உள்ளே இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது என்பது அப்போது பெரிய ஆறுதலாகப் பட்டது.

ஐப்பசி மழைக்குப் பிறகு படிகள் ஈரமாயின. நனைந்த நாயையும் பழைய புத்தகத்தையும் ஒரே பெட்டியில் பூட்டி வைத்ததுபோல ஒரு வாசனை. ஜாடியில் உப்பு தண்ணீராய்ப் போனது. பெட்டிக் கீல்களில் துரு, அண்டாக்களில் களிம்பு. ஒரு கல்யாணத்துக்குக் கட்டிப் போக ஆத்தா பட்டுப் பெட்டியைத் திறந்தபோது, அவளுடைய கல்யாணப் பட்டின் மடிப்பெல்லாம் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. ஆத்தா அழவில்லை. சேலையை மூக்கில் வைத்து முகர்ந்தபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஆவணியில்தான் பெரியப்பச்சி வீட்டில் புதுக் கக்கூஸ் கட்டியிருந்தார்கள். பெரியாத்தாவுக்கு இரண்டு முழங்காலும் வீங்கிப்போய், மூன்று கட்டு தாண்டிக் கொல்லைக்குப் போய்வர அரை மணி நேரம் ஆனது. அதற்காகப் பெரியப்பச்சி அவளுடைய அறையை ஒட்டியே தொட்டியும் சங்கிலியும் வைத்துக் கட்டினார். எங்கள் தெருவுக்கே முதல். பிள்ளையில்லாத பெரியாத்தாதான் தினமும் எனக்குத் தலை பின்னிவிடுவாள். பின்னல் முடிந்ததும் நான் போய்ச் சங்கிலியை இழுத்து, தண்ணீர் இரைவதைக் கேட்பேன்.

"அடியே, அந்தச் சங்கிலி அந்து போறதுக்குள்ள எனக்கும் ஒரு தடவை மிச்சம் வையி" என்று சிரிப்பாள்.

அந்தக் கக்கூஸின் சுவர் எங்கள் நிலவறையின் மேற்குச் சுவர்மேல்தான் எழும்பி நின்றது.

"அங்குட்டுத் தண்ணிதான் இங்குட்டு இறங்குது. இதுக்குச் சோசியம் பாக்கணுமாக்கும்?" என்றாள் ஆத்தா.

அப்பச்சி பினாங்கில் பல வருஷம் இருந்தவர். அங்கிருந்து வீட்டுப் பராமரிப்பு பற்றிய ஓர் இங்கிலீஷ் புத்தகமும், எதையும் விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்ற வியாதியும் கொண்டுவந்திருந்தார். "சோதிச்சுப் பாக்காம அண்ணனைச் சொல்லக் கூடாது" என்றார்.

ஒரு சதுரக் கண்ணாடியை மேற்குச் சுவரில் வைத்து, நாலு ஓரத்தையும் மெழுகால் அடைத்தார். இரண்டு நாள் கழித்துப் பார்க்க வேண்டும். கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவில் தண்ணீர் கோத்திருந்தால் சுவர் வழியாக வருகிறது. நம்மைப் பார்த்த பக்கம் துளிர்த்திருந்தால், சுவர்மேல் குற்றமில்லை. அறைக்குள் காற்றுப் போக்கு இல்லை, துவாரங்களைப் பார்க்க வேண்டும்.

"காலையில புளி எடுக்கப் போறப்பப் பாத்துட்டு வந்து சொல்லு. இந்த வீட்டுல பொய் சொல்லத் தெரியாத ஆளு நீதான்" என்றார் என்னிடம்.

மூன்றாம் நாள் காலை விளக்கோடு இறங்கினேன். என்னைப் பார்த்த பக்கம் முழுக்க முத்து முத்தாக ஈரம். சுவர்ப் பக்கம் சருகாய்க் காய்ந்திருந்தது.

துவாரங்களைப் பார்க்க வேண்டும். பார்த்தால் பஞ்சு. பஞ்சு வந்தால் வெல்வெட் உறை. கண்ணாடியைப் பாவாடையால் துடைத்தேன். மேலே ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டை ஊசியும் எடுத்து வந்தேன். மேல் ஓரத்து மெழுகைக் கொஞ்சம் நெம்பி, விரல் நுனியால் சொட்டுச் சொட்டாக உள்ளே இறக்கி, மெழுகை விளக்கில் காட்டி மறுபடி அமுக்கினேன். அதற்கு முன்னும் பின்னும் நான் எந்த வேலையையும் அவ்வளவு நேர்த்தியாகச் செய்ததில்லை.

அப்பச்சி வந்து வெகுநேரம் பார்த்தார். அவர் எதிர்பார்த்தது இது அல்ல என்று முகம் சொன்னது. பிறகு நடுக்கதவு வழியாக மெதுவாகப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"அண்ணே, கோவிச்சுக்கிறாதீக. உங்க சுவத்துத் தண்ணிதான் எங்க நிலவறையில இறங்குது."

"புதுச் செவருடா. கொத்தனாரு கூட நின்னு கட்டுனேன்."

"கண்ணாடியில தெரியுதுண்ணே."

"இம்புட்டு நாளும் அண்ணன் சொன்னதைக் கேட்ட. இப்பக் கண்ணாடி சொல்றதைக் கேக்குறியாக்கும்?"

கதவருகே நின்ற ஆத்தா, "என் கல்யாணப் பட்டு பூத்துப் போச்சே, அதையும் வந்து பாருங்க" என்றாள்.

பெரியப்பச்சி மத்தியானமே கொத்தனாரைக் கூப்பிட்டார். தம்பி சாமானைக் கெடுத்துத் தனக்குச் சௌகரியம் வேண்டாம் என்று தொட்டியைக் கழற்றவும் வாசலைச் செங்கல் வைத்து அடைக்கவும் சொன்னார். பெரியாத்தா தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"இன்னும் ஒரு தடவை நல்லாப் பாத்துட்டு அடைப்பமே. எனக்காக ஒரு வாரம் பொறுங்களேன்."

அவள் தனக்காக எதையாவது கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். உண்மை என் நாக்கு நுனிவரை வந்தது. வெல்வெட் உறையை நினைத்ததும் திரும்பிப் போய்விட்டது.

மறுநாள் கக்கூஸ் வாசல் அடைபட்டது; நடுக்கதவும் சாத்தப்பட்டது.

ஒரு வாரம் கழித்து, பாம்பு வந்தால் வரட்டும் என்று பஞ்சைப் பிடுங்கிக் கொல்லையில் போட்டு எரித்தேன். பரிகாரம் செய்வதாக நினைப்பு. கார்த்திகை கழிந்து பனிக்காற்று உள்ளே புகுந்து, கொஞ்ச நாளில் நிலவறை காய்ந்துவிட்டது.

"பாத்தியா, அங்க தண்ணி நின்னதும் இங்க காஞ்சு போச்சு" என்றார் அப்பச்சி. அதுவரை அவர் மனத்தில் கொஞ்சம் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். அதையும் நான் தீர்த்துவைத்தேன்.

கதவு சாத்தியிருந்தாலும் கொல்லைச் சந்து வழியாகப் பெரியாத்தாவிடம் தலை பின்னப் போவேன். அவள் ஒவ்வொரு தூணாகப் பிடித்துப் பிடித்துக் கொல்லைக்குப் போய்வருவாள். அவள் அறையிலிருந்து கொல்லைவரை இருபத்தாறு தூண். அந்தக் கோடையில் உதடு வெடித்துக் கிடந்தவளுக்கு எங்கள் பானையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் கொண்டுபோனேன். வாங்கி நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள்.

"போதுந் தாயி. நெஞ்சு நனைஞ்சாப் போதும்."

பகையாளி வீட்டுத் தண்ணீரைத் தொட மாட்டேன் என்கிறாள் என்று நினைத்தேன். அவள் வீட்டுப் பானையிலேயே மோந்து கொடுத்தேன். அதற்கும் அதே பதில். அப்படியானால் கோபம் என்மேல்தான், அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று முடிவுகட்டினேன். தண்டனை கிடைத்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. ஆனால் ஒருநாளும் அவள் பின்னலை இறுக்கிப் போட்டதில்லை.

மூன்றாவது கோடையில் நீர் பிரியாமல் காய்ச்சல் கண்டு, காரில் தேவகோட்டைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது அவளை முகப்பில், தலைமாட்டில் விளக்கேற்றித்தான் கிடத்தினார்கள். அன்று அப்பச்சி நடுக்கதவைத் திறந்துகொண்டு போய், "அண்ணே" என்று அழுதார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். அப்போதும் சொல்லவில்லை.

இப்போது எனக்கு ஐம்பதுக்கு மேல் ஆகிறது. பெரியாத்தாவின் சொத்தில் எனக்கு வந்தது முழங்கால் வலி மட்டும்தான். போன சித்திரையில் மதுரையிலிருந்து சென்னைக்குப் பகல் பஸ்ஸில் போனேன். பக்கத்து சீட்டுப் பெண் என் வாயைப் பார்த்துவிட்டு, "ரொம்ப வறண்டு கெடக்கு, தண்ணி குடிங்க ஆன்ட்டி" என்று பாட்டிலை நீட்டினாள். வாங்கி நாக்கை நனைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன். "போதும்மா. நெஞ்சு நனைஞ்சாப் போதும்."

பஸ் எங்கே நிற்கும், நின்ற இடத்தில் கக்கூஸ் எவ்வளவு தூரத்தில் இருக்கும், எத்தனை படி என்று காலையில் கிளம்பும்போதே யோசித்து வைத்திருந்தேன். யாரோடும் எனக்குக் கோபம் இல்லை. பெரியாத்தாவுக்கும் இருந்ததில்லை. வாயருகே செம்பைக் கொண்டுபோகும் ஒவ்வொரு தடவையும் அவள் இருபத்தாறு தூணைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள்.