முதல் மரக்காலுக்கு மதிப்பெண் இல்லை

எங்கள் பரிசோதனை அறைக் கணினித் திரையில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் தவறு. கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில், முதியவர்களின் ஞாபக சக்தியைக் கணினி வைத்துச் சோதிப்பதுதான் என் முதல் வேலை. திரை கேள்வி கேட்கும், பெரியவர் பதில் சொல்வார், நான் பொத்தானை அழுத்துவேன். இதற்குச் சென்னையில் இரண்டு நாள் பயிற்சி வேறு. குறுக்கே பேசாதே, எடுத்துக் கொடுக்காதே, காதில் விழுந்ததை மட்டும் பதி. பயிற்சி மொத்தமும் இவ்வளவுதான்.

அப்போதுதான் குத்தாலத்திலிருந்து அளவுகாரர் வந்தார். ரைஸ் மில்லில் நாற்பது வருஷம் மரக்காலால் நெல் அளந்தவர் என்பதால் ஊரில் அவருக்கு அதுதான் பெயர். மனைவி போன பிறகு தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் அடுப்பை அணைக்காமல் கடைத்தெருவுக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிங்கப்பூரில் இருந்த மகனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள். மகன் ஒரே பேச்சாக முடித்துவிட்டான்: சோதனையில் தேறினால் குத்தாலத்திலேயே இருக்கலாம், இல்லையென்றால் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையில் முதியோர் இல்லம். அளவுகாரர் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்தவர்போல என் எதிரில் உட்கார்ந்தார். "மூளை நல்லாத்தான் இருக்குன்னு ஒரு காயிதம் குடுத்துடும்மா. நான் பாட்டுக்கு என் வீட்டுல கெடந்துட்டுப் போறேன்" என்றார்.

படங்களுக்கெல்லாம் சரியாகப் பெயர் சொன்னார். ஐந்து சொற்களில் நான்கைத் திருப்பிச் சொன்னார். பிறகு ஒன்றிலிருந்து இருபதுவரை எண்ணச் சொன்னது திரை. அவர் முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு, "லாபம், ரெண்டு, மூணு" என்று ராகம் போட்டு ஆரம்பித்தார். நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்றுதான் தொடங்குவார்கள். அவர் நாக்குக்கு வேறு தொடக்கம் பழக்கமில்லை. இருபதுவரை ஒரு பிசகு இல்லை. ஆனால் முதல் எண் தவறினால் அந்தப் பகுதி முழுவதும் பூஜ்யம் என்பது விதி. இன்னொரு வாய்ப்பு உண்டு. திரை மறுபடி கேட்டது. சத்தம் பத்தவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் உரக்க "லாபம்" என்றார்.

எனக்குத் தெரியாதா என்ன? என் அப்பா குத்தகைக்குப் பயிர் வைத்தவர். களத்தில் அந்த ராகத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் எண்ணவே கற்றுக்கொண்டேன். தெரிந்தேதான் சிவப்பை அழுத்தினேன். முதுகுக்குப் பின்னால் மேற்பார்வையாளர் நின்றுகொண்டிருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பயம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அது வெறும் கோழைத்தனம்.

அந்த ஒரு பூஜ்யத்தால் அவர் தேறவில்லை. மருத்துவர் காகிதத்தைப் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் சென்னைக்குப் போகிற வழியில், காரை மருத்துவமனை வாசலில் நிறுத்திவிட்டு, சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மகன் ஏதோ சான்றிதழ் வாங்க உள்ளே போனான். அளவுகாரர் என்னிடம் வந்தார். "எதுலம்மா தப்பு விட்டேன்? சொன்னா திருத்திக்குவேன்ல" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "டாக்டரக் கேளுங்கய்யா" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன். அந்த இல்லத்தில் அவர் ஒரு வருஷம்கூட இருக்கவில்லை. குத்தாலத்துக்கு உடல்தான் வந்தது.

இப்போது அந்த அறையில் எல்லாம் புதிது. பொத்தான்கள் மட்டும் அதே இடத்தில் இருக்கின்றன, மேற்பார்வையாளர் நான். போன வாரம் சீர்காழிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் "லாபம்" என்று எண்ணத் தொடங்கினார். வேலைக்குச் சேர்ந்து பத்து நாள் ஆன பெண் ஒருத்தி எதிரில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். "ஒண்ணத்தானே அப்படிச் சொல்றீங்க தாத்தா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பச்சையை அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. அளவுகாரர் வந்த அன்றைக்கு எனக்கும் அந்தப் பச்சை அதே கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது.