அத்தையும் நானும் வால்பாறைப் படங்களும்

கொரோனாவின் இரண்டாவது அலை வந்தபோது எங்கள் வீட்டில் மூன்று பேர் இருந்தோம். நான், என் கணவர், என் மாமியார். மந்தைவெளியில் முதல் மாடி ஃப்ளாட். இரண்டு பெட்ரூம். அதில் ஒன்றில்தான் பாத்ரூம் உள்ளேயே இருக்கும். டெஸ்ட் ரிசல்ட் வந்தது. எனக்கும் அத்தைக்கும் பாசிட்டிவ், என் கணவருக்கு நெகட்டிவ். யோசிக்க ஒன்றும் இல்லை. பாத்ரூம் இருந்த அறைக்குள் நானும் அத்தையும் போனோம், கதவைச் சாத்திக்கொண்டோம். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரே வீட்டில்தான் இருக்கிறோம் என்றாலும், நாங்கள் இருவரும் ஒரே அறையில் படுத்தது அதுதான் முதல் தடவை.

எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. சண்டை போடுகிற அளவுக்குப் பேச்சும் கிடையாது. அவர் சமையலறையில் இருந்தால் நான் துணி மடிப்பேன். நான் சமையலறைக்குப் போனால் அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

என்னிடம் அவருக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று உண்டென்றால் அது என் பயணம்தான். வருஷத்துக்கு ஒருமுறை ஆபீஸ் தோழிகள் மூன்று பேரோடு நான் எங்காவது கிளம்பிவிடுவேன். வால்பாறை, ஆகும்பே, நெல்லியாம்பதி என்று மழையும் மரமும் இருக்கிற இடமாகப் பார்த்துப் போவோம். அத்தையும் ஊர் சுற்றாதவர் இல்லை. திருச்செந்தூர், ராமேஸ்வரம், திருப்பதி எல்லாம் டூரிஸ்ட் பஸ்ஸில் போய் வந்தவர்தான். ஆனால் அவர் போன ஊரிலெல்லாம் ஒரு கோபுரம் இருந்தது. சாமி இல்லாத ஊருக்குப் பணத்தைக் கொட்டிக்கொண்டு ஏன் போகவேண்டும் என்பது அவருக்கு விளங்கவே இல்லை. "காட்டுக்குப் போறாளாம்" என்று என் காதில் விழுகிற மாதிரி மகனிடம் சொல்வார். அதோடு சரி.

அறைக்குள் முதல் இரண்டு நாள் ஜுரத்திலும் உடம்பு வலியிலும் போயிற்று. வெளியே என் கணவர் சமையலில் இறங்கியிருந்தார். தட்டை ஒரு ஸ்டூலில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டு ஹாலுக்கு ஓடிவிடுவார். பிறகு அங்கிருந்து எனக்கு போன் செய்து, சாம்பார் எப்படி என்று கேட்பார். எங்கள் இரண்டு பேருக்கும் வாசனையும் ருசியும் போயிருந்தது. பிரமாதம் என்று சொல்லிவைத்தேன். அந்தப் பாராட்டு கொடுத்த தெம்பில் அவர் வத்தக்குழம்பு வரைக்கும் போய்விட்டார். அது நோன்பு மாதம். கீழ்வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்தார் சாயங்காலமானால் ஒரு தூக்கில் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவார்கள். அதிலும் எங்களுக்கு ருசி தெரியவில்லை. ஆனால் சூடு தெரிந்தது. தொண்டைக்கு இதமாக இருந்தது.

டி.வி. ஹாலில் இருந்தது. அதில் வந்துகொண்டிருந்த செய்திகளை நினைத்தால் அது அங்கேயே இருந்தது நல்லதுதான். போனைத் திறந்தாலும் அதே கதி. எந்த வாட்ஸப் குரூப்பைப் பார்த்தாலும் பெட் கிடைக்குமா, ஆக்சிஜன் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள். ஆர்.கே. மட் ரோட்டில் ஆம்புலன்ஸ் போகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அத்தையின் உதடு முணுமுணுக்கும். எனக்கு முணுமுணுக்கவும் எதுவும் வரவில்லை. வாட்ஸப்பை மூடிவிட்டு, போனில் இருந்த பழைய படங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். வால்பாறையில் எடுத்தவை. நான் ஒன்றும் பெரிய போட்டோகிராபர் இல்லை. பாதிப் படங்கள் கலங்கல், மீதி வெறும் பச்சை. ஆனாலும் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தபோது நெஞ்சில் இருந்த படபடப்பு கொஞ்சம் அடங்கியது.

பக்கத்துக் கட்டிலிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"யாரு அது?"

"யாரும் இல்ல அத்தை. மரம்."

"மரத்தையா இவ்ளோ நேரமா பாத்துக்கிட்டிருக்க?"

ஆமாம் என்றேன். அத்தை கையை நீட்டினார். இரண்டு பேருக்குமே வந்தாகிவிட்டது, அந்த அறைக்குள் மட்டும் தொட்டால் தோஷமில்லை. போனைக் கொடுத்தேன். கண்ணாடி ஹாலில் இருந்ததால் போனைக் கையெட்டும் தூரத்துக்கு நீட்டி வைத்துக்கொண்டு பார்த்தார். தள்ளிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். மரம், தேயிலைச் சரிவு, பனி, மறுபடி மரம். எதிலும் ஆளே இல்லையே என்றார். நீ எங்கே என்று கேட்டார். எடுத்ததே நான்தான் என்றேன்.

"அப்ப நீ போனதுக்கு என்ன சாட்சி?"

அவர் கிண்டல் செய்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கிண்டலாகப் பேசியதில்லை.

மறுநாள் அவராகவே கேட்டார். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கேள்வி இருந்தது. மலையைப் பற்றியோ மரத்தைப் பற்றியோ இல்லை. அங்கே எங்கே தங்கினீர்கள், பாத்ரூம் எந்தப் பக்கம், வெந்நீர் வருமா, இட்லி கிடைக்குமா, பொம்பளைங்க நாலு பேர் மட்டும் என்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்களா. ஓட்டு வீடு, பாத்ரூம் பின்பக்கம், வெந்நீர் காலையில் மட்டும், இட்லி கல் மாதிரி இருந்தது என்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அட்டை ஏறிய தோழியின் கணுக்கால் படம் ஒன்று இருந்தது. அதில்தான் அத்தைக்கு உயிரே வந்தது. ஏறும்போது வலிக்காதா, எப்படி எடுத்தீர்கள், ரத்தம் நிற்க எவ்வளவு நேரமாயிற்று என்று அந்த ஒரு படத்திலேயே ஒரு மத்தியானம் ஓடிவிட்டது. நடுநடுவே அவரே கதையை எடுத்துக் கொடுப்பார்: "அப்புறம் மூக்குப்பொடி போட்டீங்களே, அதச் சொல்லு."

ஜுரம் ஏறும் நேரங்களில் மட்டும் அட்டை வேண்டாம் என்பார். பனிப் படம் போடச் சொல்வார். அதைப் பார்த்தால் நெற்றி குளிர்கிறதாம்.

ஒரு வார வாக்கில் ஒரு பிற்பகல். ஆக்சிஜன் அளவை விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் அத்தைக்கு டாக்டர் சொல்லியிருந்த எண்ணுக்குக் கீழே காட்டியது. துடைத்துவிட்டு வேறு விரலில் மாட்டினேன். அதேதான். கதவுக்கு இந்தப் பக்கமிருந்து என் கணவருக்கு போன் செய்தேன். அவர் டாக்டரைப் பிடித்தார். குப்புறப் படுக்க வையுங்கள், ஒரு மணி நேரம் பார்ப்போம், ஏறாவிட்டால் ஆஸ்பத்திரிதான் என்றார் டாக்டர். வெளியே என் கணவர் நடந்துகொண்டே ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக போன் செய்வது கேட்டது. இல்லை, இல்லை என்றுதான் பதில் வந்துகொண்டிருந்தது போலிருக்கிறது. அவர் குரல் தணிந்துகொண்டே போயிற்று.

அத்தையைக் குப்புறப் படுக்க வைத்து, நெஞ்சுக்கும் இடுப்புக்கும் அடியில் தலையணை கொடுத்தேன். முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. நான் தரையில் உட்கார்ந்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிஷத்துக்கு ஒருமுறை நான் கருவியைக் கழற்றித் துடைத்து மாட்டியதை அவர் உணர்ந்திருக்கவேண்டும்.

"போன எடு. படிச்சுக் காட்டு" என்றார்.

"என்னத்த படிக்கறது அத்தை? படம்தானே?"

"அதுல இருக்கறத சொல்லு."

எடுத்தேன். இது ஒரு ரோடு என்றேன். இரண்டு பக்கமும் தேயிலை. நேற்று ராத்திரி மழை பெய்திருக்கிறது, ரோடு கறுப்பாகப் பளபளக்கிறது. ஓரமாக ஒரு பலாமரம். மேலே கிளையில் கறுப்பாக ஒன்று உட்கார்ந்திருக்கிறது. சோலைமந்தி. முகத்தைச் சுற்றி வெள்ளை வெளேரென்று தாடி.

"யாரு மாதிரி இருக்கு?" என்றார் அத்தை.

நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "ஹால்ல மாலை போட்டு மாட்டியிருக்கமே, உங்க மாமனார், அவர் மாதிரி."

அத்தையின் முதுகு குலுங்கியது. மூச்சுத் திணறுகிறதோ என்று பதறி எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் ஓய்ந்து, மேலே சொல் என்று கையை ஆட்டினார்.

சொன்னேன். அந்த ரோட்டிலிருந்து கீழே இறங்கும் ஒற்றையடிப் பாதை, அதன் முடிவில் ஓடை. காலில் என்ன செருப்பு என்று கேட்டார், சொன்னேன். வழியில் ஏலக்காய்த் தோட்டம், அந்த வாசனை என்று சொல்லி நிறுத்தினேன்.

"வாசனை தெரியுதா உனக்கு?"

"இப்ப தெரியல அத்தை. அப்ப தெரிஞ்சுது."

"அப்ப தெரிஞ்சத சொல்லு."

அந்த வாசனையை எப்படிச் சொல்வது? பாயசத்தில் வரும் ஏலக்காய் இல்லை, அது பச்சையாக, ஈர மண்ணோடு சேர்ந்து, மூக்கில் குளுகுளுவென்று ஏறும் என்று என்னென்னவோ சொன்னேன். படத்தில் இல்லாததெல்லாம் வந்தது. ஓடைத் தண்ணீரில் கால் வைத்ததும் சுரீரென்றது, தோழி கூச்சல் போட்டது, எங்கோ ஒரு பறவை யாரோ விசில் அடிப்பதுபோலக் கத்தியது. தனியாகப் படுத்துப் பார்த்தபோது இதெல்லாம் எனக்கு ஞாபகம் வரவில்லை. ஒருவருக்குச் சொல்லவேண்டும் என்றதும்தான் வந்தது. சொல்லச் சொல்ல என் பயமும் குறைந்தது.

எண் மெதுவாக ஏறியது. படங்களால் ஏறியது என்று சொல்லமாட்டேன். டாக்டர் சொன்னபடி படுத்ததால் ஏறியிருக்கும். கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் என் கணவர் தரையில் உட்கார்ந்துவிட்ட சத்தம் கேட்டது. அன்று ராத்திரியும் அத்தை குப்புறத்தான் தூங்கினார். பயந்துகொண்டே படுத்தேன், ஆனாலும் நானும் தூங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஆபத்து ஒன்றும் இல்லை. அறையைவிட்டு வெளியே வந்தோம். ருசி திரும்பியது. வத்தக்குழம்பை நிஜமாகச் சாப்பிட்டுப் பார்த்த அத்தை, அமைதியாகக் கரண்டியை மகன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை, அவருக்குக் காபி எடுத்துப் போனேன். ஆதம்பாக்கத்தில் இருக்கும் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"மேல ஏற ஏற ஒரே பனிடி. கால்ல அட்டை ஏறுனதே தெரியல. மூக்குப்பொடி போட்டுத்தான் எடுத்தோம்."

நான் நின்றுவிட்டேன். எப்போது போனாய் என்று தங்கை கேட்டிருக்கவேண்டும்.

"போனேன், போனேன். மருமக கூடத்தான்."

என்னைப் பார்த்தார். பேச்சை நிறுத்தவில்லை. நான் டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் சொன்னதில் பொய் என்று எதைச் சொல்வது?

அந்த போன் லேசில் முடியவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வால்பாறை போய்விட்டாயே என்று அந்தத் தங்கைக்கு, எங்கள் சின்ன அத்தைக்கு, மகா கோபம். ஊரடங்கு முடிந்து, எல்லோரும் இரண்டு ஊசியும் போட்டுக்கொண்ட பிறகும் அது தணியவில்லை. வாரத்துக்கு ஒருமுறை போன் வரும், வால்பாறைப் பேச்சு வரும். கடைசியில் அத்தை ஒருநாள் சாப்பிடும்போது மகனிடம், வண்டியை எடு, அவளையும் கூட்டிக்கொண்டு போய் வந்துவிடுவோம் என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் ரசத்தைப் பார்த்தேன்.

நாலு பேரும் போனோம். பொள்ளாச்சி தாண்டி மலை ஏறத் தொடங்கியதிலிருந்து அத்தைதான் சொல்லிக்கொண்டே வந்தார். போன தடவை எங்கே தங்கினீர்கள் என்று சின்ன அத்தை கேட்டார். ஓட்டு வீடு, பாத்ரூம் பின்பக்கம், வெந்நீர் காலையில் மட்டும்தான் என்று அத்தை ஒரு நொடி தயங்காமல் சொன்னார். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் கண்ணாடியில் என்னைத் தேடினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் எல்லா வண்டியும் நிற்கும். அங்கிருந்து பார்த்தால் கீழே ஆழியாறு அணை முழுசாகத் தெரியும் என்று அத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டார். இறங்கிப் போய்த் தடுப்புச் சுவரோரம் நின்றோம். ஒரே பனி. கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் வெள்ளையைத் தவிர வேறில்லை.

"ஒண்ணும் தெரியலையே அக்கா" என்றார் சின்ன அத்தை.

விலகும், இரு என்றார் அத்தை. நின்றோம். டீ வாங்கிக் குடித்தோம். விலகவில்லை. அத்தை கையை என் பக்கம் நீட்டினார். போனைக் கொடுத்தேன். இப்போது அவருக்குத் தள்ளிப் பார்க்க யார் உதவியும் வேண்டியதில்லை. தேடி எடுத்து, தங்கையின் தோளைப் பிடித்துச் சரியான திசைக்குத் திருப்பி நிறுத்தி, போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இதுதான் டேம். நல்லா பாத்துக்கோ."

சின்ன அத்தை படத்தைப் பார்த்தார். பனியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

வண்டியில் ஏறினோம். இரண்டு வளைவுகூடத் தாண்டியிருக்காது, சின்ன அத்தைக்கு வயிற்றைப் புரட்டியது. ஓரமாக நிறுத்தினோம். அத்தை கூடவே இறங்கி, தங்கையின் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"மொத தடவைல எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும்" என்றார்.