தராசுச் சம்பந்தி

பழைய காசு ஒன்றை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு படகின் அடிவயிற்றைத் தட்டிக்கொண்டே போகிறார். ஒரு சாண் தட்டுகிறார், காதைச் சாய்த்துக் கேட்கிறார், அடுத்த சாணுக்கு நகர்கிறார். நடுவில் யாராவது இருமிவிட்டால் மறுபடியும் முதல் சாணிலிருந்து ஆரம்பம். "இருமல் வந்தா வெளியே போய் இருமிட்டு வாங்கப்பா. நான் இங்க பேசிட்டிருக்கேன்ல?" என்பார். பேச்சு படகோடு. பட்டறையில் அவருக்குப் பெயர் தராசு. என் மகளுக்கு மாமனார், எனக்குச் சம்பந்தி.

எதையும் தூக்கிப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டார், அதனால் வந்த பெயர். சம்பந்தம் பேச முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, குடிக்கக் கொடுத்த டம்ளரைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "தண்ணியோட சேர்த்து முந்நூத்தி எண்பது கிராம்" என்றார். என் வீட்டுக்காரர் மிரண்டுபோய், "பொண்ணையும் தூக்கிப் பார்ப்பாரோ?" என்று என் காதில் கேட்டார். நான் சிரிப்பை அடக்கச் சமையலறைக்குள் ஓடினேன்.

அவர் செய்வது பந்தயப் படகு. நடுக்கடலில் அலைக்கு அலை தாவிப் போகும் படகு. அதில் இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் சக்கரத்தைப் பிடிப்பார், மற்றவர் வேகத்தைக் கூட்டிக் குறைப்பார். அந்த இரண்டாவது ஆள் என் மகள். படகு அலையை விட்டு எழும்பி அந்தரத்தில் நிற்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும், தண்ணீரைத் தொடும்போது கூட்ட வேண்டும். கண் சிமிட்டும் நேரம் தப்பினால் எஞ்சின் போகும், இல்லாவிட்டால் இடுப்பு போகும். "உனக்கு வேற வேலையே கிடைக்கலையாடி?" என்று நான் கேட்காத நாள் கிடையாது. "மாமா செஞ்ச படகும்மா, சும்மா பயப்படாதே" என்பாள்.

மாமா செய்வதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயமே வந்தது. கண்ணாடி நாரில் நெய்த துணி நாலு அடுக்கு. பிசினில் நனைத்து, உருளையால் உருட்டி, அதிகப்படியான பிசினைப் பிழிந்து எடுத்துவிடுவார். அதன்மேல் விரல் கனத்தில் நுரைப்பலகை. அதன்மேல் இன்னொரு நாலு அடுக்குத் துணி. படகின் அடிப்பாகம் இவ்வளவுதான். அந்தப் பலகையைக் கையில் வாங்கினேன், வாங்கியதே தெரியவில்லை. அதற்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் என் பெண்.

"சம்பந்தி, இது படகா, பெட்டி மூடியா?"

"கனமான படகு அலையில விழுந்தா அந்தக் கனம் மொத்தமும் சேர்ந்துதான் அடி வாங்கும் சம்பந்தியம்மா. லேசா இருந்தா அடியும் லேசு. ஆனா வளைஞ்சு கொடுக்கக் கூடாது. அதுக்குத்தான் நடுவுல பலகை."

"லேசானது தூக்கித் தூக்கிப் போடுமே?"

"போடும்" என்றார். ஒப்புக்குப் பேசத் தெரியாத மனுஷன். "கடல் முரடா இருக்கிற அன்னைக்குக் கனமான படகு அலையைக் கிழிச்சிட்டுப் போயிடும். நம்மளது குதிக்கும். அதைச் சமாளிக்கத்தானே உங்க பொண்ணு இருக்கா!"

இந்தப் பதில் எந்தத் தாய்க்குப் போதும், சொல்லுங்கள்.

அவர் மனைவி தவறிப்போன பிறகு மதியச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்துதான். தூக்கில் வைத்து நானே பட்டறைக்குக் கொண்டுபோவேன். படகின் உட்புறத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை அடுக்கு, எவ்வளவு எடை என்று பென்சிலால் எழுதி வைத்திருப்பார். எனக்கு எழுத்தும் வராது, எண்ணும் வராது. நான் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்பதை என்றைக்குக் கவனித்தாரோ, மறுநாளிலிருந்து எண்ணுக்குப் பக்கத்தில் அடுக்குக்கு ஒரு கோடு போட ஆரம்பித்தார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் படகை நானும் படிப்பேன். எங்கே பார்த்தாலும் நாலு கோடு.

"என் பொண்ணு உட்கார்ற இடத்துலயாவது ரெண்டு கூடப் போடுங்களேன்" என்று பிடித்துக்கொண்டேன். மூன்று வாரம் விடவில்லை. தூக்கைத் திறக்கும்போது கேட்பேன், மூடும்போது கேட்பேன். "உங்க மருமகதானே அவ? உங்களுக்கு மனசு இல்லையா?" என்றுகூட ஒருநாள் கேட்டுவிட்டேன். அன்றைக்குச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டார்.

அடுத்த நாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், அந்த ஒரு இடத்தில் மட்டும், அன்றைக்குப் போட வேண்டிய நாலோடு மேற்கொண்டு இரண்டு துணி போட்டார். நாலு காய்ந்த பிறகுதான் மேற்கொண்டு போட வேண்டுமாம். எடை கூடுவது பட்டறை முதலாளி கண்ணில் படாமல் முடிக்க வேண்டும் என்று, ஆறையும் ஒரே மூச்சில் போட்டு உருட்டினார். ஆறு கோடு போட்டார். நான் எண்ணிப் பார்த்தேன். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

மேல்தளம் ஒட்டியாயிற்று, பெயிண்ட் அடித்தாயிற்று. பந்தயத்துக்கு ஐந்து நாள். காசோடு தட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். அங்கே மட்டும் சத்தம் பொத்தென்று வந்தது. மறுபடி தட்டினார். எனக்கே கேட்டது. என் மகள் உட்காரும் இடம்.

முதலாளியைக் கூப்பிட்டு, "அறுக்கணும்" என்றார்.

"என்ன விளையாடுறீங்களா? நாளைக்குப் படகைப் பார்க்க ஆளுங்க வர்றாங்க. ஒரு கை அகலத்துக்குச் சத்தம் சரியில்லைன்னு பளபளன்னு இருக்கிற படகை அறுப்பீங்களா?"

"நீங்க வேண்டாம்னாலும் அறுப்பேன். இப்படியே கடல்ல இறக்க மாட்டேன்."

அறுத்தார். வெளியே வந்த துண்டைத் திருப்பிப் பிடித்தால் உட்பக்கத்தில் ஆறு கோடு. நகத்தால் நெம்பினார், ஆறிய புண்ணின் பொருக்கு மாதிரி பலகை தனியாகக் கழன்று வந்தது. பிசின் காயும்போது சூடு கிளம்பும். நாலு அடுக்கின் சூட்டைப் பலகை தாங்கும். ஆறையும் மொத்தமாகப் போட்டதில் வெந்துபோய் ஒட்டு விட்டிருந்தது. கனமாகப் போட்ட இடம்தான் கெட்டுப்போன இடம்.

"இங்க மட்டும் ஏன் ஆறு?" என்றார் முதலாளி.

"என் கை தப்பு."

"முப்பது வருஷக் கையா தப்பு பண்ணும்?"

"பண்ணிடுச்சு."

இத்தனை பேர் பார்க்க அவர் தலை குனிந்து நின்றார். நான் தூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றேன். வாயைத் திறக்கவில்லை. இது என் மகளுக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதும் பேத்தி இந்த இடத்தில் பேனாவை நிறுத்தினாள். நிறுத்தாதே, எழுது என்றேன்.

முதலாளி போன பிறகு, "என் பேரைச் சொல்லியிருக்கலாமே சம்பந்தி" என்றேன்.

"கேட்டது நீங்க. பிசின் வாளி யார் கையில இருந்துச்சு?" என்று துண்டை ஓரமாக வைத்தார். "பசிக்குது. தூக்கைத் திறங்க."

நாலு நாள் வீட்டுக்குக்கூடச் சரியாகப் போகவில்லை. ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து, புதுப் பலகை வைத்து, ஒன்று காயக் காய ஒன்றாக நாலு அடுக்கு போட்டார். உள்ளே கோடு போட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

பந்தயத்தன்று வெயில் கொளுத்தியது, காற்றும் அடித்தது. கடல் முரடு. அவர் கடலைப் பார்க்கவே இல்லை. முதுகைக் காட்டி நின்றுகொண்டு எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். படகு தாவும்போது சத்தம் தணியும், விழும்போது எழும்பும். ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் அவர் மூச்சை விட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தே பந்தயத்தைப் பார்த்து முடித்தேன்.

ஜெயித்தது வேறு ஊர்க்காரர்களின் கனமான படகு. எங்களுடையது மூன்றாவது.

"பார்த்தீங்களா சம்பந்தி, கனந்தான் ஜெயிச்சுது" என்றேன். விடுவேனா?

"ஆமா சம்பந்தியம்மா. இன்னைக்குக் கடல் உங்க கட்சி."

என் மகள் கரையேறி வந்தாள். முகமெல்லாம் உப்பு. நனைந்த ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு நின்றாள். "எப்படிம்மா இருந்துச்சு உன் இடம்?" என்றார் அவர்.

"ஆடலை மாமா. கொஞ்சம்கூட ஆடலை."

சிமென்ட் தரை அடுப்பாய்க் கொதித்தது. அவள் கால் மாற்றிக் கால் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து தன் செருப்பைக் கழற்றினார். ஜோடியாக அவள் காலடியில் வைத்துவிட்டு, படகின் கயிற்றைப் பிடிக்க அந்தச் சூட்டில் வெறுங்காலோடு நடந்து போனார்.